வாசனைக்கு இரு சாட்சிகள்

2024 பெப்ரவரி 11, ஞாயிறு

1. நான், கனகரத்தினம் புவனேந்திரன், பதுளையில் வசிப்பவன். சட்டத்தரணி, காணி உறுதிகளை அத்தாட்சிப்படுத்தும் பிரசித்த நொத்தாரிசு. பிறந்தது யாழ்ப்பாணம். தொழிலும் வீடும் நெடுங்காலமாக இந்த ஊரில்.

2. என் மனைவி சரோஜாதேவி 2021 ஆகஸ்டில் கொரோனாத் தொற்றினால் இறந்ததாக எனக்குத் தொலைபேசி மூலம் அறிவிக்கப்பட்டது. அப்போது நானும் அதே நோயுடன் வேறொரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். உடலை நான் பார்க்கவில்லை. தகனத்துக்கும் போகவில்லை.

3. அந்த நோயில் என் முகர்வு போயிற்று. திரும்பவில்லை. இதை நான் எவரிடமும் சொல்லவில்லை.

4. இந்த ஏட்டில் என் சொந்த அறிவுக்கு எட்டியதை மட்டும் எழுதுவேன். பிறர் சொல்லிக் கேட்டதைக் கேட்டது என்றே குறிப்பேன்.

மெல்பேர்னில் இருக்கும் மகள் பிரசாந்தினி, ஏதாவது எழுதும்படி வற்புறுத்துகிறாள். அங்கே துக்கத்துக்கு இப்படி ஒரு வைத்தியம் உண்டாம். எனக்குத் துக்கம் என்று குறிப்பிடத்தக்க எதுவும் இல்லை. காலையில் எழுகிறேன், நீதிமன்றம் போகிறேன், வருகிறேன். ஆகவே கிழக்கு மதிலில் உள்ள கொடியைப் பற்றி எழுதுகிறேன்.

2020இல் ஊரடங்கு தளர்ந்த பிறகு சரோஜா பண்டாரவளையிலிருந்து ஒரு கன்றைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். விற்றவர் நட்சத்திர மல்லிகை என்றாராம். பெயரில் மல்லிகை இருந்தாலும் இது மல்லிகை இனம் அன்று. இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும், மல்லிகையில் வராது. பனி, வெயில், தொடர் மழை எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும். எந்தக் காலத்திலும் இலையுதிர்ந்து மொட்டையாக நிற்பதில்லை. குளிர் கூடினால் சில இலைகள் செம்பு நிறம் கொள்ளும். அவ்வளவே.

நட்டுவிட்டு எழுந்தபோது அவள் சொன்னது நினைவிருக்கிறது. “இது உடன பூக்காதாம். கொஞ்சம் பொறுக்கோணுமாம்.”

அவள் இருந்த காலத்தில் அது பூக்கவில்லை.

பெப்ரவரி 12

மழை. கொடிக்குத் தண்ணீர் விட வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

புதுத் தளிர்களைக் கம்பியில் சேர்த்துக் கட்டினேன். இந்தக் கொடி தானாகவே சுற்றிக்கொள்ளும். ஆனால் நாம் விரும்பும் இடத்தில் சுற்றாது. வாழைநாரால் தளர்வாகக் கட்ட வேண்டும். கம்பியால் கட்டினால் தண்டு பருக்கும்போது அறுத்துவிடும். இது சரோஜா சொல்லிக் கேட்டது. பின்னர் என் கண்ணாலும் கண்டது.

மதில் பற்றியும் ஒரு குறிப்பு அவசியம். அது முழுவதும் என் காணிக்குள் நிற்கிறது. நில அளவை வரைபடத்தில் ஐயத்துக்கு இடமில்லை. மதிலுக்கு அப்பால் இன்ஸாப்பின் வீடு. பஸாரில் புடவைக் கடை வைத்திருக்கிறார். அவரும் மனைவி நப்லாவும் மட்டும். அவர்களது படுக்கையறை யன்னல் என் கொடிக்கு நேர் எதிரே.

சென்ற ஆண்டு, தம் தாழ்வாரத் தகரத்தை இந்த மதிலின் மேல் சாய்த்து வைக்க அனுமதி கேட்டார். மறுத்தேன். பகை எதுவும் இல்லை. எவரும் தடுக்காமல் பத்து ஆண்டு ஒன்றை அனுபவித்தால் அது உரிமையாகிவிடும். பிறகு என் மகள் வழக்காட வேண்டிவரும் என்று விளக்கினேன்.

“சேர், நான் பத்து வருஷம் ஈப்பேனோ தெரியா. தகரம் எப்பிடியும் ஈக்காது” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

பூத்துவிட்டது. முன்னைய இரு ஆண்டுகளிலும் ஆங்காங்கே சில பூக்களே இருந்தன. இம்முறை மதில் கண்ணுக்குத் தெரியவில்லை. ஐந்து வெள்ளை இதழ்கள். ஒவ்வொன்றும் ஒரே பக்கமாக முறுகி, பிள்ளைகள் செய்யும் காகிதக் காற்றாடி போல.

ஒரு கொத்தை இழுத்து மூக்கில் வைத்து ஆழமாக உள்ளிழுத்தேன். ஈரம் தெரிந்தது. ஓர் எறும்பு கன்னத்தில் ஏறியது. வேறொன்றும் இல்லை.

ஏமாற்றமா? அதுவும் இல்லை. வழக்கு அழைக்கப்பட்டது, கட்சிக்காரர் சமுகமளிக்கவில்லை — அதைப் போல.

மார்ச் 28

பிரசாந்தினி பேசினாள். அம்மாவின்ர கொடி பூத்திட்டுதோ என்றாள். ஓம் என்றேன். வாசம் எப்பிடி இருக்கு என்றாள்.

“நல்லா இருக்கு எண்டு சொல்லினம்.”

எவரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. ஆகவே அது பொய்.

ஏப்ரல் 2, செவ்வாய்

அலுவலகத்தில் ஒரு சிறு சம்பவம். கலாராணி தேநீர் கொண்டுவந்தார். (கலாராணி என் எழுத்தர். ஹாலிஎலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் வளர்ந்தவர். இப்போதும் அங்கிருந்துதான் பஸ்ஸில் வருகிறார். நான் அத்தாட்சிப்படுத்தும் உறுதிகளில் பெரும்பாலும் முதலாம் சாட்சியாக ஒப்பமிடுபவர் அவர்.) உறுதி முடிக்க வந்திருந்த தம்பதியர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தனர். கலாராணி தம் கோப்பையை முகத்தருகே கொண்டுபோய், அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். பால் திரிந்து நாறியிருக்கிறது.

அதற்குள் நான் என் கோப்பையைக் குடித்து முடித்திருந்தேன்.

திரும்பி வந்தவர் வெறுமையான கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல சாட்சிகள் அப்படித்தான், கேட்கும்வரை பேசமாட்டார்கள்.

ஏப்ரல் 5, வெள்ளி

இன்ஸாப் ஜும்ஆவுக்குப் போகும் வழியில் வந்தார். நோன்பு, உதடு காய்ந்திருந்தது. கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை. இயன்றவரை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“சேர், சொல்ல வெக்கமா ஈக்கிது. நப்லாவுக்கு ஏலா. அவங்களுக்கு முந்தியே இழுப்பு ஈக்கிற. இப்ப புள்ளயும் வயித்துல. இந்தப் பூ வாசம் வந்தா மூச்சு விட ஏலாமப் போகுது. யன்னலச் சாத்தினாலும் வருது. போன முறை மாதிரி ஆகிடக் கூடாது சேர்.”

போன முறை என்ன ஆயிற்று என்று கேட்டேன். மூன்று மாதத்தில் கலைந்துவிட்டது என்றார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த வீடு.

என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள் என்று கேட்டேன். கொடியைக் கொஞ்சம் குறைத்துத் தந்தால் பெரிய உதவி என்றார். யோசித்துச் சொல்வதாகப் பதிலளித்தேன். ஒரு நாளும் கோபப்பட்டுப் பார்த்தறியாத மனிதர். இன்றும் கோபப்படவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

யோசித்தேன். இரு பக்கத்தையும் வரிசைப்படுத்திப் பார்த்தேன்.

மூடிய யன்னலையும் ஊடுருவி மூச்சை அடைக்கக்கூடிய வாசம் என்று அவர் சொல்கிறார். நான் அந்தக் கொடிக்கு அடியிலேயே கதிரை போட்டு அமர்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆயினும், தெரியாத ஒன்றை மற்றவர் சொல்லுக்காக ஏற்றுக்கொள்வது எப்படி?

இன்னொன்று. அவர் கேட்டபடி வெட்டினால், மதில் விடயத்தில் அவருக்கு ஒரு சொல் உண்டு என்று நானே ஒப்புக்கொண்டதாகும். இன்று கொடி. நாளை தகரம். சென்ற ஆண்டு தகரத்துக்கு இடம் கேட்டவர்தான் இவர்.

உண்மையில் அப்படி நினைக்கிறேனா? அப்படி நினைக்கப் பழகியிருக்கிறேன்.

ஏப்ரல் 8, திங்கள்

கடிதம் எழுதுவித்தேன். ‘தங்கள் வாய்மொழிக் கோரிக்கை தொடர்பில், எனது உரிமைகளுக்குப் பங்கமின்றி’ எனத் தொடங்கி, குறித்த செடிக்கும் குறித்த நோய்க்கும் தொடர்பு உண்டென்பதற்கு வைத்தியரின் சான்று சமர்ப்பிக்கப்படின் பரிசீலிப்பேன் என முடித்தேன்.

கலாராணி தட்டெழுதி முடித்து, விலாசத்தைப் பார்த்து நிறுத்தினார்.

“பக்கத்து வீட்டுக்கா சேர்? தபால்லயா?”

பதிவுத் தபாலில் என்றேன்.

“தபால்காரர் ஒங்க வீட்டத் தாண்டித்தான் அந்த வீட்டுக்குப் போவாரு. கையோட ஒங்களுக்கும் ஒரு குட்மோர்னிங் சொல்லிட்டுப் போவாரு” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

ஏப்ரல் 10, புதன்

நோன்புப் பெருநாள். அடுத்த வீட்டிலிருந்து வழக்கம்போல் ஒரு கோப்பை வட்டிலப்பம், தேங்காய்ப்பாலில் அவித்த இனிப்பு, வந்தது. வழக்கமாக நப்லா வருவார். இம்முறை அவரின் தங்கை கோப்பையை நீட்டிவிட்டு உடனே திரும்பினார். கடிதம் நேற்றே சேர்ந்திருக்க வேண்டும். அது சேர்ந்த பின்னரும் அனுப்பியிருக்கிறார்கள்.

சாப்பிட்டேன். இனிப்பு என்பது மட்டும் தெரிந்தது.

வந்த கோப்பையைச் சரோஜா வெறுமையாகத் திருப்பியதில்லை. புத்தாண்டுப் பலகாரம் ஏதாவது வைத்துத்தான் கொடுப்பாள். அவளுக்குப் பிந்திய பெருநாள்களில் நான் என்ன செய்தேன்? நினைவுக்கு வரவில்லை. சமையலறை அலுமாரியைத் திறந்து பார்த்தேன். அந்த இரண்டு கோப்பைகளும் அங்கேயே, கழுவிக் கவிழ்த்தபடி.

ஏப்ரல் 13

சித்திரைப் புத்தாண்டு. வருடப் பிறப்பு நேரத்தை வானொலி அறிவித்தது. பால் காய்ச்சவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

நீதிமன்ற விடுமுறை. ஒப்பத்துக்காக ஓர் உறுதியை எடுத்துக்கொண்டு கலாராணி வீட்டுக்கு வந்தார். வாசலில் காலணியைக் கழற்றுமுன்னரே மதிலைப் பார்த்து நின்றார். கையெழுத்து வேலை முடிந்ததும் விடைபெறாமல் நின்றார்.

“சேர், நான் ஒண்ணு சொன்னாக் கோவிக்கக் கூடாது. பஸ்ஸ விட்டு எறங்கி அந்த முடக்குல இன்னும் திரும்பவே இல்ல, அங்கயே மணக்குதுங்க. நல்ல மணந்தான். ஆனா எனக்கே தல சுத்துது.”

அது உம்முடைய அபிப்பிராயம் என்றேன்.

“அன்னைக்கு அந்தப் பால் டீய நீங்க குடிச்சி முடிச்சிட்டீங்க. அதுவும் என்னோட அபிப்பிராயந்தானுங்களா?”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“எத்தன நாளா இப்பிடி?”

“ஆஸ்பத்திரியால வந்ததிலயிருந்து.”

சொல்லிவிட்டேன். இந்த ஏட்டுக்கு வெளியே முதல் தடவை. அவர் அதிர்ச்சியடைந்ததாகவோ இரங்கியதாகவோ தெரியவில்லை. உறுதியை உறையில் போட்டு, உறையை மடித்துக்கொண்டே சொன்னார்:

“சேருக்கு மணக்கலன்னா பூ மணக்கலன்னு ஆயிடுமா? எத்தன ஆளுக்கு என்னையச் சாட்சி வச்சிருக்கீங்க. ஒங்களுக்கு மட்டும் என்னைய நம்ப முடியல.”

பஸ் நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பிற்பகல். மதிலுக்கு அப்பால் ஓர் ஒலி. அறுக்கும் வாளின் ஒலி என்று முதலில் எண்ணினேன். பின்னர் அது மூச்சு என்று விளங்கியது.

முச்சக்கரவண்டி ஒன்று வந்து நின்றது. இன்ஸாப் நப்லாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். நப்லாவின் கால் நிலத்தில் ஊன்றவில்லை. ஒரு கை வயிற்றில். வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்தார். தங்கை பின்னால் ஒரு பையுடன். வண்டி போயிற்று.

நான் விறாந்தையில் நின்றேன். கதவு திறந்திருந்தது. படி மூன்று. இறங்கவில்லை.

அந்தக் கடிதத்துக்கு அவர்கள் பதில் அனுப்பவில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 22, திங்கள்

நீதிமன்றம் போகவில்லை.

சரோஜாவும் அப்படித்தான் வாயைத் திறந்தபடி போனாள். அவளை முதல் அம்புலன்ஸில் ஏற்றினார்கள். என்னை மாலையில் வேறொன்றில். ஏறும்போது திரும்பி, “அடுப்ப நிப்பாட்டினனானோ, ஒருக்காப் பாருங்கோ” என்றாள். பார்த்தேன். நிறுத்தியிருந்தாள். அதைச் சொல்வதற்கு வெளியே வந்தபோது அம்புலன்ஸ் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பிறகு ஒரு தொலைபேசி. ஒரு பெண் குரல். அவ எந்த ஊர், பெயர் என்ன, ஒண்டும் நான் கேக்கேல்ல. ஆளை அடையாளம் கண்டது ஆர் எண்டு கேக்கேல்ல. சரி எண்டு சொல்லிப் போனை வச்சனான். சரி எண்டு! முகம் தெரியாத ஒருத்தி ஒரு வசனம் சொல்ல, முப்பது வருசத்த ஒப்புக்குடுத்திட்டு, இஞ்ச மூச்செடுக்க ஏலாமல் கிடந்த பிள்ளைத்தாய்ச்சியிட்ட வைத்தியற்ற சான்று கேட்டிருக்கிறன். பதிவுத் தபாலில.

என்ன மனுசன் நான்.

ஏப்ரல் 23, செவ்வாய்

வெட்டினேன்.

கொப்பு வெட்டும் கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, விடிந்ததும் தொடங்கினேன். முதலில் பூத்த கொத்துகள் எல்லாம். பிறகு மதிலின் உச்சியில் படர்ந்தவை. பிறகு இடுப்பு உயரத்துக்கு மேலே முழுவதும். வெட்டிய இடமெல்லாம் பால் சொட்டியது. விரல்கள் ஒட்டிக்கொண்டன, கத்தரிக்கோலைக் கையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. இந்தப் பால் பட்டால் தோல் அரிக்கும் என்று எங்கோ வாசித்தேன். அரித்தது. அதையாவது உணர முடிந்தது.

நான் அலுவலகம் வராததால் கலாராணி தேடி வந்தார். வாசலில் நின்று பார்த்தார். சேலையைச் செருகிக்கொண்டு, உரச் சாக்குகளில் பூக்களை அமுக்கிக் கட்டினார். ஓர் ஆட்டோ பிடித்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். எங்கே என்று கேட்டேன். “எங்க தோட்டத்து மாரியம்மாவுக்கு. அவளுக்கு இழுப்பு இல்ல” என்றார்.

அவர் போன பிறகு அடிப்பகுதியைத் துப்புரவாக்கினேன். தரையோடு கிடந்த ஒரு கிளையை இழுத்தேன். வரவில்லை. மண்ணை விலக்கிப் பார்த்தேன். ஒரு கொண்டை ஊசி. கிளையை வளைத்து, ஊசியால் மண்ணோடு குத்தி வைத்திருக்கிறது. ஊசி துருப்பிடித்து உதிரும் நிலையில். கிளைக்கு அடியில் வேர், கைப்பிடியளவு.

பதியம் போட்டிருக்கிறாள். யாருக்காக?

அந்தக் கிளையை மட்டும் வெட்டவில்லை.

ஏப்ரல் 27, சனி

நப்லா நேற்று வீடு திரும்பிவிட்டதாகத் தபால்காரர் சொன்னார். பிள்ளைக்கு ஆபத்தில்லையாம். (கேட்டது.)

மூன்று கோப்பைகளையும் எடுத்தேன். வெறுமையாகக் கொண்டுபோக முடியாது. எனக்குப் பலகாரம் செய்யத் தெரியாது. மூன்றிலும் சீனி நிரப்பினேன். அப்படியே கையில் ஏந்திக்கொண்டு மதிலைச் சுற்றி நடந்து அவர்கள் கதவைத் தட்டினேன். இந்த ஊரில் இத்தனை காலத்தில் அந்தப் படியில் நான் ஏறியது இதுவே முதல் தடவை. சரோஜா மதிலுக்கு மேலாகவே பேசிக்கொள்வாள்.

இன்ஸாப் கோப்பைகளைப் பார்த்துத் திகைத்தார். “இது பழைய பெருநாள் கோப்பயெல்லாம் வந்திரிச்சி” என்று உள்ளே குரல் கொடுத்தார்.

நப்லா கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தார். யன்னல் திறந்திருந்தது. மதில் மொட்டையாகத் தெரிந்தது.

“வேரோடயா சேர் வெட்டிட்டீங்க?”

இல்லை, அடி இருக்கிறது, துளிர்க்கும் என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

“அல்ஹம்துலில்லாஹ். ஆன்ட்டி எனக்கு ஒரு கண்டு தாறதாச் சொன்னாங்க. மண்ணுல வெச்சிட்டன், வேர் பிடிச்சாத் தாறன் எண்டாங்க. போன வருஷம் பூத்த நேரம் நான் யன்னலச் சாத்தவேயில்ல சேர். அவ்வளவு ஆச அந்த வாசத்துக்கு. இப்பத்தான் ஏலாமப் போச்சி.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று வந்திருந்தேன். தவறு என்னுடையது என்றேன். இன்ஸாப் அதை விடுங்கள் என்பதுபோல் கையசைத்தார். விறாந்தைக்கு வந்து எனக்கு ஒரு கதிரை போட்டார். தானும் எதிரே உட்கார்ந்து சொன்னார்:

“ஆன்ட்டியக் கொண்டுபோன நாள் நான் போனேன் சேர்.”

எங்கே என்று கேட்டேன்.

“எரிக்கிற எடத்துக்கு. சேர் ஆஸ்பத்திரியில. மகள் வெளிநாட்டில. சொந்தம்ண்டு ஒருத்தரும் இல்ல. பொட்டிக்குப் பின்னால நான் பைக்ல போனேன். கேட்டுக்கு உள்ள விடல்ல. பேரு வாசிச்சாங்க, சரோஜாதேவி புவனேந்திரன்ண்டு. நான் கேட்டேன். பொக தெரியிற வரைக்கும் கேட்டுக்கு வெளிய நிண்டேன். எங்க மொறயில எரிக்கிறதப் பாக்கவே எங்களுக்குத் தாங்காது. ஆனாலும் ஒராளாவது நிக்கணும்ண்டு தோணிச்சி.”

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சேர் கேக்கல்ல. கேக்காம எப்பிடிச் சொல்ற?”

நேரில் கண்ட சாட்சி. மதிலுக்கு அப்பால், இத்தனை காலமும். நான் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்பு நிறுத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். காலையிலிருந்து பற்றவைக்கவேயில்லை.

ஏப்ரல் 28

அழுகை வரவில்லை. வருமென்று எண்ணினேன்.

மே 19, ஞாயிறு

வெட்டிய தண்டுகளில் கணுவுக்குக் கணு சிவந்த துளிர். பதியக் கிளையைத் தாய்க்கொடியிலிருந்து வெட்டிப் பிரித்து, சாணமும் கறுப்பு மண்ணும் கலந்த சட்டியில் நிழலில் வைத்தேன். சில இலைகள் வாடின. பிறகு நிமிர்ந்துகொண்டது.

இன்ஸாப்புக்குத் தகரம் பற்றி ஒரு குறிப்பு எழுதினேன்: நான் அனுமதி தருகிறேன், என் அனுமதியுடன் என்பதால் உரிமை எழாது. இம்முறை கையால் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “இதுக்கும் வைத்தியர் சான்று தேவயா சேர்?” என்றார்.

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 30

மேலே ஏறும் தளிர்களை யன்னலுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பிக் கட்டுகிறேன். சொன்னால் கேட்பதில்லை. மறுபடி கட்டுகிறேன்.

ஜூலை 14

நப்லாவுக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். இன்ஸாப் மதிலுக்கு மேலாகக் கூவிச் சொன்னார். குழந்தையின் அழுகையை நானே கேட்டேன்.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிக்குச் செய்த முறுக்குடன் கலாராணி வந்தார். நான் கொடியடியில் நின்றேன். காலம் தப்பி, முழங்கால் உயரத்தில் ஒரு கொத்து பூத்திருக்கிறது; கத்தரிக்கோலுடன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நப்லா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். பூவைக் கண்டுவிட்டார்.

“வெட்ட வேணாம் சேர். கொஞ்சம் பொறுங்க.”

பிள்ளையைக் கலாராணியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். நான் ஓரடி முன்னால் போனேன், விழுந்தால் பிடிப்பதற்கு. அவர் மெதுவாக மூச்சை இழுத்தார். நிறுத்தினார். இன்னொரு தடவை இழுத்தார். மூச்சில் ஒலி இல்லை. நிமிர்ந்து தலையசைத்தார்.

எனக்கு மணக்காது, எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள் என்று இருவரிடமும் கேட்டேன். நப்லா அதிர்ந்துபோய்க் கலாராணியைப் பார்த்தார். கலாராணி ஆமாம் என்று கண்ணைக் காட்டினார்.

“வட்டிலப்பத்துக்குச் சாதிக்காய் துருவிப் போடுவோமே, அந்த மாதிரி. அதுக்குள்ள பால்” என்றார் நப்லா.

“சாதிக்காயா? இல்லவே இல்ல. கொழந்தைய எண்ண தேச்சிக் குளிக்க வச்சித் தொடச்சதும் தலயில ஒரு மணம் வருமில்ல, அதுங்க” என்று பிள்ளையின் உச்சியை முகர்ந்து காட்டினார் கலாராணி.

“எங்கட புள்ளயில சாதிக்காய் மணமாக்கும்?” என்று நப்லா கேட்க, இருவரும் அதையே பிடித்துக்கொண்டு வெகுநேரம் வாதாடினர். ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்கவில்லை. பயிற்றிக் கொண்டுவந்த சாட்சிகள் அல்லர் என்பதற்கு அதுவே ஆதாரம்.

சட்டிக் கன்றை நப்லாவிடம் ஒப்படைத்தேன். யன்னலருகே வேண்டாம், பின்பக்கம் சமையலறைப் படியருகே வைக்கிறேன் என்றார். பிள்ளை வளர்ந்த பிறகு பார்க்கலாம் என்றார். அதன் அடியில் துருப்பிடித்த கொண்டை ஊசி இருப்பதையும் சொன்னேன். அதை எடுக்க வேண்டாம் என்றார்.

இப்போது பின்வருமாறு கூறுகிறேன்:

1. சொந்த அறிவுக்கு எட்டியதை மட்டும் எழுதுவேன் என்று பெப்ரவரி 11ஆம் திகதி நான் எழுதிய நான்காம் பந்தியை மீளப் பெற்றுக்கொள்கிறேன்.

2. என் மனைவி சரோஜாதேவி இறந்துவிட்டாள். நான் காணவில்லை. இன்ஸாப் கண்டார்.

3. அவள் நட்ட கொடியின் பூ மணக்கிறது. நான் முகரவில்லை. கீழ்க்காணும் இருவரும் முகர்ந்து சொன்னார்கள். நம்புகிறேன்.

4. உறுதிகளில் சாட்சிகளைப் பற்றி எழுதும் முறைப்படி: மேற்படி இருவரும் ஒரே நேரத்தில் என் முன்னிலையில் இருந்தனர். இருவரும் என்னை நன்கு அறிவர்.

அவர்கள் இதில் ஒப்பமிடவில்லை. இப்படி ஓர் ஏடு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பெயர்களை நானே எழுதுகிறேன். சட்டப்படி இது செல்லாது. இருக்கட்டும்.

(ஒப்பம்) க. புவனேந்திரன்
பதுளை

சாட்சிகள்:
கணபதி கலாராணி
ஸஹாப்தீன் நப்லா